லோ ஜிஐ பட்டியலைப் பார்த்துச் சாப்பிட்டேன். சர்க்கரையும் ஏறியது, தைராய்டும் ஏறியது

தென்மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 46. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

“ஒன்பது வருடமாகத் தைராய்டு குறைவு. தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் போடுகிறேன். நான்கு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் மட்டும் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். இரண்டரை மாதத்துக்கு முன்பு, சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் நல்லது என்று லோ ஜிஐ (கிளைசீமிக் இண்டெக்ஸ் குறைந்த, அதாவது ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும்) உணவுப் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றிலிருந்து காலையில் இட்லி, தோசை கிடையாது. கருப்பட்டி போட்டு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் அல்லது கம்பங்கூழ். நேரமில்லாத நாளில் வெள்ளரிக்காய், தக்காளி, ஒரு முட்டை. மதியத்துக்கு, பாக்கெட்டில் லோ ஜிஐ என்று போட்டிருக்கும் விலை கூடிய அரிசி. அது கெடுதல் இல்லை என்பதால் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். இரவு ஓட்ஸ் கஞ்சி. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். உப்பும் இந்துப்புக்கு மாற்றியாயிற்று.

ரத்தசோகைக்கு வேறொரு டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். மறந்துவிடும் என்று அதையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கி, கையோடு கூழையும் குடித்துவிட்டு ஏழரைக்குக் கிளம்புவேன். முடி கொட்டுவதால் பயோட்டின் மாத்திரையும் போடுகிறேன்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 238. முன்பு 190 தாண்டியதில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.8 இருந்தது 8.1 ஆகிவிட்டது. டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் எண்) 3.2லிருந்து 9.6. ஹீமோகுளோபின் 9.4. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. இடையில் ஒரு நாள் மூன்றாவது பீரியடில் கை நடுங்கி, வியர்த்து ஊற்றி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தைராய்டு மாத்திரையை 100 ஆக்கச் சொல்கிறார் டாக்டர். மாமியாரோ, ‘சோத்த விட்டா உடம்பு தாங்குமா’ என்கிறார். நான் எங்கே தவறினேன்? அரிசியை விட்டே ஆக வேண்டுமா? கம்பு சாப்பிட்டதால் தைராய்டு கூடியதா? சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்தி மாத்திரைகளை நிறுத்த முடியுமா?”

அன்புச் சகோதரிக்கு,

தேதி, அளவு, மாத்திரை நேரம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். என் முன்னால் வந்து உட்காரும் பலரிடம் இவ்வளவு விவரம் கிடைக்காது. உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. சர்க்கரை ஏறியதற்குக் காரணம் தட்டில் இருக்கிறது. டிஎஸ்எச் ஏறியதற்குக் காரணம், நான் பார்த்தவரை, மாத்திரை போடும் நேரத்தில் இருக்கிறது. வகுப்பில் வந்த நடுக்கம் வேறு. மூன்றில் அதுதான் அவசரம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த மூன்றாவது பீரியடு

நீங்கள் போடும் கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. அன்று நீங்கள் குடித்தது கூழா, கடித்தது வெள்ளரிக்காயா என்று அதற்குத் தெரியாது. மாத்திரை போட்டுவிட்டு மாவுச்சத்தே இல்லாமல் பள்ளிக்குப் போய், இரண்டு பீரியடு நின்றுகொண்டே பாடமும் எடுத்தால் பதினொரு மணிவாக்கில் சர்க்கரை தாழ்ந்துவிடும். நீங்கள் விவரித்திருப்பது அச்சு அசல் தாழ்சர்க்கரைதான். அன்று மீட்டரில் பார்க்கவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், நடந்தது அதுதான் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

இனி கைப்பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே உட்காருங்கள். மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டரே கையில் இல்லாவிட்டால், 15 கிராம் குளுக்கோஸை, அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட், கடலைமிட்டாய் வேண்டாம். அவற்றில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இந்த நடுக்கத்தை உங்கள் டாக்டரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லியே ஆக வேண்டும். உணவில் மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் கிளிமிபிரைடு வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். உங்கள் மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தனியாக இப்படித் தாழ்சர்க்கரை செய்வதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சர்க்கரைக்கு அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வீட்டுச் சர்க்கரை உடனே கைகொடுக்காது, குளுக்கோஸ்தான் வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்கள் யாரையும் கேட்காமல் அரிசி, கோதுமை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி ஆபத்தாக முடியலாம். மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே இது வரும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும்.

ஜிஐ எண் எதை அளக்கிறது

1981இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் சக ஆய்வாளர்களும் கொண்டுவந்த அளவு இது. 50 கிராம் மாவுச்சத்து இருக்கும்படி ஓர் உணவை வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதே அளவு குளுக்கோஸ் குடித்தால் ஏறுவதை 100 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70உம் அதற்கு மேலும் அதிகம். நம் பொன்னி அரிசிக்குச் சென்னையில் செய்த சோதனையில் 70 வந்தது. சோனா மசூரிக்கு 72.

கவனியுங்கள், சோதனையில் அந்த உணவை மட்டும்தான் தருகிறார்கள். சாம்பார் கிடையாது, பொரியல் கிடையாது, மோர் கிடையாது. அளவும் அவர்கள் வைத்ததுதான். உங்கள் வீட்டுத் தட்டில் இவை எதுவும் அப்படி இல்லை. பருப்பு, கீரை, மோர், புளி, கொஞ்சம் எண்ணெய் சேரும்போது அதே சோறு மெதுவாக இறங்கும். அதே சோற்றை இன்னும் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் ஏற்றமும் கூடும். ஜிஐ எண்ணில் அளவு என்ற சங்கதியே கிடையாது.

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் கிளைசீமிக் லோடு என்று இன்னொரு கணக்கு வந்தது. தட்டில் இருக்கும் மாவுச்சத்தின் கிராமை ஜிஐ எண்ணால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. 200 கிராம் பொன்னிச் சோறு சாப்பிட்டால் 56 கிராம், லோடு 39. நீங்கள் வாங்கும் பாக்கெட் அரிசியின் ஜிஐ 55 என்றே இருக்கட்டும். கெடுதல் இல்லை என்று 300 கிராம் சாப்பிட்டால் 84 கிராம், லோடு 46. கூடுதல் விலையும் கொடுத்து, கூடுதல் சர்க்கரையும் வாங்கியிருக்கிறீர்கள். மறுபக்கம், தர்பூசணிக்கு ஜிஐ 70க்கு மேல் என்று பட்டியலில் சிவப்பில் போட்டிருப்பார்கள். 150 கிராம் துண்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், மாவுச்சத்து 11 கிராம்தான். லோடு 8. பட்டியலை மட்டும் பார்த்தவர் தர்பூசணிக்குப் பயப்படுவார், லோ ஜிஐ அரிசியை அளவில்லாமல் சாப்பிடுவார்.

கூழ் ஏன் கைவிட்டது

உங்களுக்கு அதிகம் ஏமாற்றம் தந்தது இதுதான் என்று தெரிகிறது. கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, கால்சியம் அதிகம், நல்ல தானியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். தானியத்தை மாவு மில்லில் நைசாக அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கட்டியில்லாமல் கரைத்து, நின்றபடியே இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுகிறீர்கள். மெல்லும் வேலை, அரைக்கும் வேலை, ஊறவைக்கும் வேலை எல்லாம் அடுப்படியிலேயே முடிந்துவிட்டது. குடலுக்குப் பெரிதாக வேலை இல்லை, சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. கேழ்வரகு மாவுக் கஞ்சியின் ஜிஐ அதிகம் என்றே சோதனைகளிலும் வந்திருக்கிறது. பட்டியலில் ‘கேழ்வரகு’ என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். களியா, கூழா, அடையா என்பதை யாரும் சொல்வதில்லை.

அளவும் பார்ப்போம். ஒரு சொம்புக்கு 75 கிராம் மாவு போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால் மாவுச்சத்து 50 கிராமுக்குக் குறையாது. அதோடு கருப்பட்டி. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் மூன்றிலும் பெரும்பங்கு இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் ஒட்டியிருக்கும், அவ்வளவே. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி பரவாயில்லை என்பது நம் ஊரில் வேரோடிப்போன நம்பிக்கை; பிடுங்குவது கஷ்டம். இரண்டையும் கூட்டினால் ஒரு வேளைக்கு 65, 70 கிராம். நீங்கள் பயந்து ஒதுக்கிய மூன்று இட்லியில் சுமார் 30, 35 கிராம்தான் இருக்கும். 190 ஏன் 238 ஆனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கூழே கூடாது என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் வாரம் ஒன்றிரண்டு நாள், இனிப்பில்லாமல், மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு சின்ன டம்ளர் போதும். கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ இருக்க வேண்டும். சிறுதானியத்தை மாவாக அரைக்காமல் முழுசாகச் சாப்பிடுவது எப்போதும் மேல். சாமைச் சோறு, வரகுச் சோறு, தினை உப்புமா எல்லாம் சரி. அவையும் மாவுச்சத்துதான், அரிசிக்கு என்ன அளவோ அதே அளவுதான் அவற்றுக்கும்.

இரவு ஓட்ஸ் கஞ்சிக்கும் இதே கதை. கொதிநீர் விட்டால் மூன்று நிமிடத்தில் குழையும் ஓட்ஸ், தட்டையாக நசுக்கிப் பாதி வேகவைத்தது. உடைத்த ஓட்ஸ் அளவுக்கு அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தாது. இரவுக்கு உங்களுக்கு அடையோ பெசரட்டோ பொருத்தமாக இருக்கும். பருப்பும் பயறும் கலந்த மாவு என்பதால் இரண்டு சாப்பிட்டாலே வயிறு நிற்கும்.

அரிசியை விட வேண்டுமா?

வேண்டாம். இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். ஆனால் அவர் சொல்லும் அளவுக்கு நான் பொறுப்பில்லை!

வீட்டில் இருக்கும் கிண்ணங்களில் 150 கிராம் சோறு பிடிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சமையல் தராசில் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் போதும். மதியத்துக்கு அந்தக் கிண்ணம் ஒன்று. பச்சரிசியை விடப் புழுங்கலரிசி நல்லது. குழைய விடாமல் பதமாக வடியுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை, மீதிக் கால் பங்கு சோறு. நாம் வழக்கமாகச் சோற்றை நடுவில் குவித்து, பொரியலைத் தொட்டுக்கொள்ள ஓரத்தில் வைக்கிறோம். அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. காயும் பருப்பும் முட்டையும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று அமெரிக்காவில் சிறிய அளவில் செய்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதலில் பொரியல் டப்பாவைக் காலி செய்யுங்கள். சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் மைதானத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மாத்திரைக்கு அடுத்தபடியாக, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், லோ ஜிஐ உணவுமுறை எச்பிஏ1சியை 0.3 முதல் 0.5 வரை குறைத்திருக்கிறது. ஒரு மாத்திரை தரும் பலனில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உதறித் தள்ள வேண்டியதில்லை. 8.1ஐ இது ஒன்றே 6க்குக் கொண்டுவந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம்.

டிஎஸ்எச் ஏறியது கம்பாலா, கோஸாலா?

கம்பில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் சில பொருட்கள் இருப்பது உண்மை. அது பிரச்சினையாகக் கண்டது, அயோடின் பற்றாக்குறையோடு மூன்று வேளையும் கம்பையே பிரதானமாகச் சாப்பிட்டுவந்த இடங்களில். வாரத்தில் இரண்டு நாள் கம்பு சாப்பிட்டு டிஎஸ்எச் மூன்று மடங்காகாது. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் அப்படியே. வேகவைத்தால் அந்தப் பொருட்களில் பெரும்பகுதி போய்விடும். தவிர, நீங்கள் ஹார்மோனையே மாத்திரையாகப் போடுகிறீர்கள். அதை இந்தக் காய்கள் ஒன்றும் செய்யாது. கோஸ் பொரியல் உங்கள் தட்டுக்குத் திரும்பி வரட்டும். சர்க்கரைக்கு அதைவிட நல்ல காய் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.

என் சந்தேகம் எல்லாம் அந்த ஒரு வாய் தண்ணீரில் இருக்கிறது. தைராக்ஸினும் இரும்பும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் இரண்டும் பிணைந்துகொள்ளும். மாத்திரையில் ஒரு பங்கு ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். கால்சியம் மாத்திரையும் இதைத்தான் செய்யும். அதற்கு மேல் உடனே நார்ச்சத்துள்ள கூழ். நீங்கள் 75 மைக்ரோகிராம் விழுங்குகிறீர்கள். உடம்புக்கு எவ்வளவு போகிறது என்பது சந்தேகம்தான். இரும்பு மாத்திரை எப்போது ஆரம்பித்தது என்று தேதியைப் பாருங்கள். டிஎஸ்எச் 3.2 இருந்த காலத்துக்குப் பிறகுதான் என்றால் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

மாத்திரையை 100 ஆக்குவதற்கு முன்னால் இதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தது வேறொருவர் என்பதால், இரண்டும் ஒன்றாகப் போவது இவருக்குத் தெரிந்திருக்காது. இது தெரியாமல் அளவையும் ஏற்றி, பிறகு நீங்களாக நேரத்தையும் சரிசெய்துவிட்டால் மருந்து அதிகமாகிவிடும். படபடப்பு வரும், தூக்கம் கெடும், நாளாக ஆக எலும்பு தேயும், சர்க்கரையும் ஏறலாம். 75ஐயே ஒழுங்கான நேரத்தில் போட்டு, 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கர்ப்பமாக இருப்பவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது.

இந்துப்பு பற்றி. அயோடின் சேர்க்காத உப்பு அது. உங்களுக்கு மாத்திரை இருக்கிறது. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் அயோடின் உப்புதான் வேண்டும். உங்கள் தைராய்டுக்காக வீடே உப்பை மாற்றியிருந்தால் இன்றைக்கே பழைய உப்புக்குத் திரும்பிவிடுங்கள். மற்றபடி இந்தத் தட்டு வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும். தனிச் சமையல் தேவையில்லை.

இன்னொன்று. தைராய்டு குறைவைச் சரிசெய்யும் உணவு என்று எதுவும் கிடையாது, லோ ஜிஐயும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எடை குறையாததற்கும் தைராய்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தைராய்டு குறைவால் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும்.

மாத்திரைகளை நிறுத்தலாமா?

தைராக்ஸினை நிறுத்தக் கூடாது. சுரக்காத ஹார்மோனுக்குப் பதிலாகப் போடுவது அது. எந்தச் சாப்பாடும் அந்த இடத்தை நிரப்பாது.

சர்க்கரை மாத்திரை அப்படியல்ல. குறைக்கவும் முடியும், சிலருக்கு நிறுத்தவும் முடியும். பிரிட்டனில் 2017இல் முடிவு வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குக் கலோரியை வெகுவாகக் குறைத்த உணவு கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இறங்கியிருந்தது. அங்கே வேலை செய்தது எடைக் குறைப்பு. சராசரியாக 10 கிலோ. அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். உங்களுக்கு நான்கு வருடம்தான் ஆகிறது என்பதால் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் மீட்டரில் எண்கள் இறங்க வேண்டும், அப்புறம் டாக்டர் குறைப்பார். நீங்களாக நிறுத்திவிட்டு எண் இறங்குமா என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்த எட்டு வாரம்

ஐந்து மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். காபிகூட ஒரு மணி நேரம் கழித்துத்தான், சர்க்கரையும் கருப்பட்டியும் இல்லாமல். ஐந்து மணிக்கு எழ முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றிப் போட வேண்டாம். புட்டியை அடுப்புக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அந்த மாத்திரைக்கு ஆகாது.

ஏழு மணிக்கு மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. அல்லது இரண்டு அடை, அல்லது தினை உப்புமா ஒரு கிண்ணம், சுண்டல் ஒரு கிண்ணம். எதுவாக இருந்தாலும் காலையில் மாவுச்சத்து தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு நாள் சொம்பு நிறையக் கூழ், மறுநாள் வெள்ளரிக்காய் என்பதுதான் உங்களை 238க்கும் நடுக்கத்துக்கும் நடுவில் அலைக்கழித்தது. கிளிமிபிரைடு போட்ட நாளில் காலைச் சாப்பாடு தப்பக் கூடாது.

இரும்பு மாத்திரையை மதியத்துக்குத் தள்ளுங்கள். தைராக்ஸினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அந்த வேளையில் டீ, காபி கூடாது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். 46 வயதில் ஹீமோகுளோபின் 9.4 ஏன் என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் அதிகமா, வேறு எங்காவது ரத்தம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் வருடக் கணக்கில் போடுவதால் பி12 அளவும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள், ஒரே ஒரு உணவைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடுவதற்கு முன்பும் முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒரு வாரம் இட்லி, ஒரு வாரம் அடை, ஒரு வாரம் கிண்ணச் சோறு. 180க்குள் நின்றால் அந்த உணவும் அந்த அளவும் உங்களுக்கு ஒத்துப்போகிறது. ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறு மாதிரி ஏறும் என்பதால், வாட்ஸ்அப் பட்டியலை விட இந்தக் குறிப்பேட்டைத்தான் நான் நம்புவேன். உங்கள் டாக்டரும் அப்படித்தான்.

எச்பிஏ1சி 8.1 என்பதைப் பார்த்து இப்போது மனம் உடைய வேண்டாம். இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டலாம். தைராய்டு குறைவிலும் கொஞ்சம் அப்படி ஆவதுண்டு. ஹீமோகுளோபின் ஏறிய பிறகு எடுக்கும் எச்பிஏ1சிதான் சரியாகப் பேசும். அதுவரை மீட்டர் எண்களை வைத்து முடிவெடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கப் போகும்போது, தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முடிக்காகப் போடும் பயோட்டினை அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்எச்சை உள்ளதை விடக் குறைத்துக் காட்டும். இப்போதைய 9.6ஐ எடுத்தபோதும் பயோட்டின் போட்டிருந்தீர்கள் என்றால், உண்மையான எண் அதைவிடக் கூடவே இருந்திருக்கலாம். அளவை ஏற்றுவதா என்று முடிவு செய்யும் நாளில் உங்கள் டாக்டரிடம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.